செம்மீன் (திரைப்படம்)

செம்மீன் என்பது 1965 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளியான மலையாளக் காதல் திரைப்படம் ஆகும். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956 இல் எழுதிய இதே பெயருடைய புதினத்தைத் தழுவி ராமு காரியாட் இயக்கினார். எஸ். எல். புரம் சதானந்தன் திரைக்கதை எழுத, கண்மணி பிலிம்ஸ் சார்பில் பாபு இஸ்மாயில் சேட் தயாரித்தார். சத்யன், ஷீலா, மது, கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர்.

மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால். சங்க நூலான பதிற்றுப்பத்தில் இச்சொல் கற்புக்குச் சான்றாகக் காட்டப்படும் அருந்ததி விண்மீனைக் குறிக்கிறது. தற்செயல்தான் என்றாலும் இந்தப் படத்திற்கு இரு பொருளும் பொருந்துகின்றன.

கதை

கடற்கரைச் சிற்றூரில் வாழும் செம்பன்குஞ்சுக்குச் சொந்தமாகத் தோணியும் வலையும் வாங்க வேண்டும் என்பது வாழ்நாள் ஆசை. அவருடைய மூத்த மகள் கருத்தம்மாவும் பரீக்குட்டி என்ற இளம் இசுலாமிய மீன் வணிகரும் ஒருவரை ஒருவர் விரும்புகின்றனர். பிடிக்கும் மீனைத் தனக்கே விற்க வேண்டும் என்ற பேச்சின் பேரில் பரீக்குட்டி பணம் கொடுத்து உதவுகிறார். தோணி வந்ததும் செம்பன்குஞ்சு சொல் மாறுகிறார். மீனையும் தருவதில்லை, பணத்தையும் திருப்புவதில்லை. பரீக்குட்டியின் வணிகம் நொடிந்துபோகிறது.

கருத்தம்மா, உற்றார் இல்லாத பழனி என்ற மீனவரை மணந்து வேற்றூர் செல்கிறாள். தாய் சக்கி இறக்கிறாள். தந்தை மறுமணம் செய்து, பின்னர் மனநிலை குலைகிறார். பழைய காதலைப் பற்றிய பேச்சு புகுந்த ஊருக்கும் பரவுகிறது. ஓர் இரவு கருத்தம்மாவும் பரீக்குட்டியும் மீண்டும் சந்திக்க, அதே இரவில் தூண்டிலில் சிக்கிய சுறாவோடு போராடும் பழனி நீர்ச்சுழலில் சிக்குகிறார். காதலர் இருவரும் கரையில் இறந்து கிடக்கின்றனர். வேறோரிடத்தில் பழனியின் உடல் ஒதுங்குகிறது.

கடனும் நம்பிக்கையும்

காதல் படம் என்றே அறியப்பட்டாலும், கதையை நகர்த்துவது கடன்தான். கருத்தம்மாவை அலைக்கழிப்பது பிரிவு மட்டுமன்று. தன் வீடு ஒருவரை ஏமாற்றி வாழ்கிறது என்ற குற்றவுணர்வும்தான். முன்பணம் கொடுத்த வணிகருக்கே மீனைத் தருவது தமிழக, புதுச்சேரிக் கடற்கரைகளிலும் அறியப்பட்ட வழக்கம். ஆனால் அங்கெல்லாம் பொதுவாகக் கடன்பட்டவரே நொடிவார். இங்கே கொடுத்தவர் நொடிகிறார்.

கடலுக்குச் சென்றவனின் உயிர், கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் உள்ளது, தவறினால் கடலம்மா விடமாட்டாள் என்ற நம்பிக்கையைப் படம் கேள்வி கேட்பதில்லை. முடிவு அதை மெய்ப்பிப்பது போலவே அமைந்துள்ளது. ஆயினும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனைவியைப் பற்றிய வம்பு கிளம்பியதும் உடன் மீன்பிடிப்போர் பழனியைத் தங்கள் தோணியில் சேர்த்துக்கொள்ள மறுக்கின்றனர். அதனால்தான் அவர் சிறு தோணியில் தனியாகக் கடலுக்குப் போகிறார். கடலம்மாவுக்கு முன்பே ஊர் அவரைத் தண்டித்துவிட்டது. படத்தில் இது அழுத்திச் சொல்லப்படவில்லை.

உருவாக்கம்

தகழியின் கதை ஆலப்புழைக் கடற்கரையைச் சார்ந்தது. படப்பிடிப்பு பெரும்பாலும் திருச்சூர் மாவட்டத்தின் நாட்டிகையில் நடந்தது. மாயா பஜார், மிஸ்ஸியம்மா படங்கள் மூலம் தமிழர் அறிந்த மார்க்கஸ் பார்ட்லி வண்ணத்தில் ஒளிப்பதிவு செய்தார். இந்தி இயக்குநர் ரிஷிகேஷ் முகர்ஜி, கே. டி. ஜார்ஜுடன் படத்தொகுப்பைக் கவனித்தார்.

வங்காளியான சலில் சௌத்ரி இசையமைத்த முதல் மலையாளப் படம் இது. பாடல்களை வயலார் ராமவர்மா எழுதினார். பரீக்குட்டி கடற்கரையில் பாடும் பாடலை மன்னா டே பாடினார். அவர் மலையாளி அல்லர். அவருடைய மனைவி சுலோசனா கேரளத்தைச் சேர்ந்தவர். கே. ஜே. யேசுதாஸ், பி. லீலா, சாந்தா பி. நாயர் ஆகியோரும் பாடியுள்ளனர்.

நாயகி ஷீலாவின் திரைவாழ்வு எம். ஜி. ஆர். நடித்த பாசம் (1962) என்ற தமிழ்ப் படத்தில் தொடங்கியது.

விருது

1965 ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்திற்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைச் செம்மீன் வென்றது. இதைப் பெற்ற முதல் தென்னிந்தியப் படம் இதுவே. மூலப் புதினம் 1957 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றிருந்தது. அதைச் சுந்தர ராமசாமி தமிழில் மொழிபெயர்த்துள்ளார். செம்மீன் என்ற தலைப்பு தமிழிலும் மாற்றப்படவில்லை.