வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுக்கலாமா? கையை விட்டுப் போவது எவ்வளவு?

27 வயசு. ஓஎம்ஆரில் மூணு வருஷம் வேலை பார்த்த கம்பெனியை விட்டாச்சு. அடுத்த வேலை கிடைக்கச் சில மாசம் ஆகும். பிஎஃப் கணக்கிலிருந்து 1,80,000 ரூபாய் எடுக்கலாம். ‘சும்மாதானே கிடக்கு, எடுத்து ஒரு புல்லட் வாங்கிடலாம்’ என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை.

2024-25ஆம் ஆண்டுக்கான பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி தொடர்ந்தால், புதுசா ஒரு ரூபாய்கூடப் போடாமலே, 58 வயசில் அந்த 1,80,000 சுமார் 21 லட்சம் ஆகியிருக்கும். வட்டி வருஷா வருஷம் அறிவிக்கப்படுவது, 2021-22இல் 8.1 சதவீதம்தான் கிடைத்தது. அதோடு விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அந்த 21 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் மூன்றரை லட்சம்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘கோடீஸ்வரர் ஆகலாம்’ கணக்குகள் இந்த இடத்தை மட்டும் லாகவமா தாண்டிடும். இருந்தாலும், விலைவாசியைக் கழித்த பிறகும் பணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. 31 வருஷம் கழித்து புல்லட் என்ன விலைக்குப் போகும்?

வரி எங்கே வருகிறது?

தொடர்ந்து ஐந்து வருஷம் சர்வீஸ் முடியும் முன் எடுத்தால், பிஎஃப் பணத்துக்கு வரி உண்டு. தொகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால், பான் இணைத்திருந்தாலும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். 1,80,000இல் 18,000 அங்கேயே காலி. பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் செய்தால், பழைய சர்வீஸும் சேர்த்தே இந்த ஐந்து வருஷம் எண்ணப்படும். இது பலருக்குத் தெரிவதில்லை.

பென்ஷன் கதை தனி. கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இபிஎஸ் என்ற பென்ஷன் திட்டத்துக்குப் போகும். ஆனால் 15,000 ரூபாய் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு, அதாவது மாசம் அதிகபட்சம் 1,250. பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயசில் மாதப் பென்ஷன். நடுவில் இந்தப் பணத்தையும் எடுத்துவிட்டால் சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் முதல்முறையாகச் சேர்ந்தவர்கள் இந்தத் திட்டத்திலேயே இருக்க மாட்டார்கள். ஐடியில் பாதிப் பேர் கதை இதுவாக இருக்கலாம். பாஸ்புக்கில் பென்ஷன் பகுதி காலியா என்று பாருங்க.

வாடகை கட்டவே வழியில்லை என்றால் எடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் எவ்வளவு, எப்போது எடுக்கலாம் என்ற விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 25 சதவீதத்தைக் கணக்கிலேயே விட்டுவைக்க வேண்டும் என்ற மாற்றத்துக்கு 2025 அக்டோபரில் இபிஎஃப்ஓ வாரியம் ஒப்புதல் தந்தது. விண்ணப்பிக்கும் முன் இபிஎஃப்ஓ தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. மூணு மாசச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் இருந்தால் இந்தப் பேச்சே வராது.

டிரான்ஸ்ஃபர் எப்படி?

யுஏஎன் எண் ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் மாறாது. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் அதில் இணைந்திருந்தால் இபிஎஃப்ஓவின் உறுப்பினர் தளத்திலேயே டிரான்ஸ்ஃபர் கேட்கலாம். சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கும். இரண்டு மாசம் கழித்து அதை நீங்களே பதியலாம். இன்னொன்று நம்ம ஊர் இனிஷியல். ஆதாரில் அப்பா பேர் முழுசா இருக்கும், பிஎஃப்பில் ஒற்றை எழுத்து இருக்கும். பெயர் பொருந்தலைன்னு விண்ணப்பம் திரும்பி வரும். வேலையில் இருக்கும்போதே ஹெச்ஆரிடம் சொல்லித் திருத்துவது சுலபம், விட்ட பிறகு அலைச்சல்.

தளத்துக்குள் போனதும் நாமினி பக்கத்தையும் திறந்து பாருங்க. கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. புதுசா பதியணும்.