சமயம் பரப்பினோரும் சொல் மாற்றமும்: தத்துவ போதகர் வரலாற்றின்வழி ஒரு விளக்கம்

ஒரு நாட்டில் வேரூன்றிய சமயம் பிறிதொரு நாட்டிற் புகுங்கால், மாற வேண்டுவார் யாவர் என்னும் வினா எழுகின்றது. கேட்போரே மாறுதல் வேண்டும் என்பது சமயம் பரப்புவோரின் பொதுவான எண்ணம். ஆயின், தமிழகத்துக் கிறித்தவ வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்குக் கேட்போரினும் முற்பட மாறியவர் சொல்ல வந்தவரே என்பது புலனாகும். அவர்தம் உடையிலும் உணவிலும் நிகழ்ந்த மாற்றத்தை வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். சொல்லில் நிகழ்ந்த மாற்றம் மொழியாய்வார்க்குரிய பகுதியாதலின், அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1546-ஆம் ஆண்டில் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைப் பகுதியில் நெடுங்காலம் பணிபுரிந்த அண்டிரிக் அடிகளாரை முதற்கண் கருதுதல் தகும். போர்த்துக்கலில் யூதமரபின் வழித்தோன்றியவர் என்னும் காரணத்தால் ஒரு துறவுச் சபை அவரை ஏற்க மறுத்தது. பின்னர் இயேசு சபை ஏற்றுக்கொண்டது. பரதவரிடையே வாழ்ந்து அவர் பேசிய தமிழைக் கற்ற இவர், அம்மொழிக்குப் போர்த்துக்கீசியத்தில் இலக்கணமும் வரைந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே உடைய சிறு நூலாயினும், இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்னும் சிறப்புடையது. அடுத்த ஆண்டில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இவற்றின் நடை கடற்கரை மக்களின் வழக்கை ஒட்டியது. இறைவனைக் குறிக்கத் 'தம்பிரான்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் ஆளப்பெற்றது. எனினும், வழிபாட்டுச் சொற்கள் பல போர்த்துக்கீசிய ஒலியிலேயே நின்றன. முத்து வாணிகத்தாலும் ஆட்சித் தொடர்பாலும் அவ்வொலிகட்குப் பழகியிருந்த துறைமுக மக்கட்கு அவை இடர் விளைக்கவில்லை.

கடற்கரையிற் பயன்பட்ட இம்முறை உள்நாட்டிற் பயன்படவில்லை. மதுரையில் பெர்னாண்டசு என்னும் குரு பதினோராண்டளவு உழைத்தும், அங்கு வந்து தங்கிய பரதவரையன்றி உள்ளூராருள் எவரையும் தம் சமயத்திற் சேர்க்க இயலாதவராயினார். இதற்குக் காரணம் இரண்டு. கிறித்தவம் 'பரங்கி மார்க்கம்' எனப் பெயர்பெற்று, பிறநாட்டார் குலத்திற் புகுவதே சமயம் மாறுதல் என்று மக்கள் கருதினமை ஒன்று. நெடுங்காலம் வளர்ந்த கல்வி மரபுடைய நாட்டில் மனப்பாட வேண்டுதல்களை மட்டுமே கொண்டு வாதிட இயலாமை மற்றொன்று.

பின்னதன் வன்மையை உணர்தற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலின் கல்வெட்டு நல்ல சான்றாகும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தமைந்த அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திரன் காலத்துச் சாசனம் ஒன்று உள்ளது. வேதமும் இலக்கணமும் ஆகமமும் பயிற்றிய கல்லூரியையும், மாணாக்கர் உண்டு உறைதற்கான ஏற்பாட்டையும், 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையையும் அது விரித்துரைக்கின்றது. ஆற்றங்கரை ஊரொன்றின் கோயிலே இவ்வாறு கல்வியும் மருத்துவமும் ஒருங்கே ஓம்பியதெனின், தலைநகராகிய மதுரையின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. அந்நகரிற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கர் பயின்றனர் என்று 1610-ஆம் ஆண்டு மடலொன்று தெரிவிக்கின்றது.

அம்மடலை வரைந்தவரே இத்தாலி நாட்டு இராபர்ட்டு தெ நொபிலி. 1577-இல் உயர்குடியிற் பிறந்து, 1605-இல் கோவா வந்து, 1606-இல் மதுரை சேர்ந்த இவர், தம் முன்னோர் தோல்வியை ஆராய்ந்து தம்மையே மாற்றிக்கொள்ளத் துணிந்தார். காவி உடுத்தார், புலாலுணவை நீக்கி ஒருவேளை உணவு கொண்டார், பெர்னாண்டசின் இல்லத்தினின்று பிரிந்து தனியே வாழ்ந்தார். தமிழோடு வடமொழியும் கற்றார். சிவதருமர் என்னும் அந்தணர் இவர்க்கு வடமொழி ஆசிரியராய் அமைந்தார். 'தத்துவ போதகர்' என்னும் பெயரால் தமிழுலகம் இவரை அறிந்தது. போதகர் எனப்பட்ட இவர் முதற்கண் மாணாக்கராய் அமர்ந்தார் என்பது கருதத்தக்கது.

இம்மாற்றம் சொல்லிலும் விளங்கிற்று. முன்பு வழங்கிய 'தம்பிரான்' என்பதைவிடத் தத்துவ வாதத்திற்குப் பொருந்துவதெனக் கருதிச் 'சர்வேசுரன்' என்பதனை ஆண்டார். கிறித்தவ வழிபாட்டைக் குறித்த 'மிசா' என்னும் அயற்சொல் தமிழர் செவிக்கு 'மீசை' எனவே ஒலிக்கும். அதனை விடுத்துப் 'பூசை' என்றார். அருளைக் குறித்த போர்த்துக்கீசியச் சொல்லின் இடத்திற் 'பிரசாதம்' நின்றது. 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிர்ணயம்', 'தூஷணத் திக்காரம்' முதலிய இவர்தம் நூல்கள் வினா எழுப்பி, மறுப்புக் கூறி, முடிபு நிறுவும் முறையிற் செல்வன. உரையாசிரியர் கையில் வளர்ந்த தமிழ் உரைநடை, தனிநின்று ஒரு கொள்கையை வாதித்து நிறுவும் கருவியாதற்கு இந்நூல்கள் துணைசெய்தன. வடசொற் கலப்பு மிகுதி என்பது இவற்றின்மேற் சொல்லப்படும் குறை. அது மறுத்தற்கரியது, ஆயினும், அக்காலத்துக் கற்றோர் வாதத்தின் நடை அதுவேயாதலின், நொபிலியின் நோக்கத்தோடு வைத்தே அதனை மதிப்பிடல் வேண்டும்.

மாற்றத்திற்கு விலையும் இருந்தது. அவ்விலையைப் பெரிதும் வாங்கினோர் அவர்தம் சமயத்தாரே. சந்தனம், குடுமி, பூணூல், நீராடல் ஆகியன சமயச் சின்னங்களா, சமூக வழக்கங்களா என்னும் வழக்கு மூண்டது. உடன் உழைத்த பெர்னாண்டசு முறையிட்டார். கோவாப் பேராயர் எதிர்த்தார். 1619-இல் கோவாவில் ஆய்வவை கூடிற்று. கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிசு இரோசு நொபிலிக்குத் துணைநின்றார். ஈற்றில் 1623 சனவரி 31-ஆம் நாள் போப்பு பதினைந்தாம் கிரகோரி விடுத்த ஆணை அவ்வழக்கங்களை வரையறையோடு ஏற்றது. பத்தாண்டிற்கு மேல் தம்மவராலேயே ஐயுறப்பட்டும் நொபிலி தாம் கொண்ட நெறியைக் கைவிட்டிலர். முதுமையிற் கண்ணொளி குன்றி, 1656-இல் மயிலாப்பூரில் மறைந்தார்.

இங்குப் பிறிதொன்றும் நடுநின்று நோக்குதற்குரியது. ஒருவர் மாறும்பொழுது யாரை நோக்கி மாறுகின்றார் என்பதே அது. அண்டிரிக் அடிகளார் பரதவரை நோக்கி மாறினார். நொபிலி உயர்குலத்துக் கற்றோரை நோக்கி மாறினார். உயர்குலத்தார் ஒழுக்கத்தை மேற்கொண்டமையால், அவ்வொழுக்கம் விதித்த தீண்டாமை வரம்பினையும் மேற்கொள்ள நேர்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படப் பழகின் கற்றோர் விலகுவர் என்னும் அச்சம் அவரைத் தடுத்தது. இக்குறையை நிரப்பும்பொருட்டு, 1640-ஆம் ஆண்டு முதலாகப் பண்டாரசாமிகள் என்னும் மற்றொரு வகைக் குருமார் தோன்றினர்; பல குலத்தாரிடையேயும் பழகும் உரிமை இவர்க்கு இருந்தது. குலத்தால் உயர்ந்தோர் தாழ்ந்தோரை இகழலாகாது என்று 1623-ஆம் ஆண்டின் ஆணையே அறிவுறுத்தியிருந்தும், கோயிலினுள்ளும் குலவேற்றுமை நிலைபெற்றது. 1744-இல் போப்பு பதினான்காம் பெனடிக்டு இவ்வழக்கங்களுட் பலவற்றை விலக்கியதன் பின்னரும் அவ்வேற்றுமை எளிதில் அகலவில்லை. எனவே, நொபிலியின் மாற்றத்தைப் புகழ்வார் அதன் எல்லையையும், இகழ்வார் அதன் துணிவையும் மறத்தல் ஆகாது.

நொபிலியோடு சொல்லாய்வு நின்றுவிடவில்லை. 1706-இல் தரங்கம்பாடி சேர்ந்த சீகன்பால்கு, சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் பயின்றார்; பிற்றைநாள் அந்நகரத் தேனிய ஆட்சித் தலைவரோடு முரண்பட்டுச் சில திங்கள் சிறையிலிருந்தார். 1711-இல் தமிழகம் புகுந்த வீரமாமுனிவர், காப்பிய மரபினைத் தழுவித் 'தேம்பாவணி' இயற்றினார். 1732-இல் 'சதுரகராதி' தொகுத்தார். விவிலிய மொழிபெயர்ப்பில் பப்ரீசியசு 'பராபரன்' என்றதை, 1871-இன் ஐக்கிய மொழிபெயர்ப்புத் 'தேவன்' என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' 'கடவுள்' என வழங்குகின்றது. தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனச் சொல் ஐந்து. குறிக்கப்பட்ட பொருள் ஒன்று. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், பழஞ்சொல்லைச் சொல்லித் தொழுது பழகிய நெஞ்சங்கள் வருந்தின. பப்ரீசியசின் மொழிபெயர்ப்பை விடாது போற்றிய லுத்தரன் சபையார் இதற்குச் சான்றாவர். தொழுவார்க்குச் சொல் பொருளின் வேறாய்த் தோன்றுவதில்லையாதலின், அவ்வருத்தம் இகழத்தக்கதன்று.

இதுகாறும் கூறியவற்றால், சமயம் பரப்புதலில் நிகழ்ந்த மாற்றம் பரப்புவோர்தம் மொழிக்கல்வியிற் றொடங்கியது என்பதும், மாறியவர் யாரிடங் கற்றாரோ அவரை நோக்கியே அவர்தம் சொல்லும் ஒழுக்கமும் சென்றன என்பதும் பெறப்படும். அயல்நாட்டார் பெயரால் வழங்கும் இந்நூல்களுக்குள் அவர்க்குத் தமிழ் கற்பித்த புலவர், பரதவர், பள்ளிச் சிறுவர் ஆகியோரின் குரலும் கலந்துளது. அவருட் பெரும்பாலோர் பெயர் நூன்முகத்தில் இல்லை. எந்தச் சொல் எவ்வூர் வழக்கினின்றும் எக்குலத்தார் நாவினின்றும் வந்தது எனப் பகுத்தறியின், அப்பெயரிலா ஆசிரியர்தம் பங்கு வெளிப்படும். கடற்றுறை வழக்கையும் மதுரைக் கற்றோர் நடையையும் இந்நூல்களோடு ஒப்புநோக்கும் சொல்லாய்வு, முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.