ஆய்வுப் பொருளும் ஆய்வுக்குப் பொருளும்

“செத்தும் கொடுத்தான் சீதக்காதி” என்னும் முதுமொழியை அறியாத தமிழர் இலர். கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரே அப்பெயரால் வழங்கப்பெறுபவர். உமறுப்புலவரைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாக்க விழைந்தவர் அவர். நூல் முற்றுப்பெறுமுன் அவர் மறைந்துவிடவே, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரைத் தாங்கி நின்றார் என்பது வழிவழியாகக் கூறப்பெறும் செய்தி. 5027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்துள் அபுல் காசிமின் பெயர் பலவிடத்துப் போற்றப்பெறுதலைக் கற்றோர் அறிவர். மூலச் செய்திகளை வேண்டிச் சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் சென்ற புலவருக்கு முதலில் இசைவு கிட்டவில்லை என்றும், பின்னரே கிட்டியது என்றும் சொல்வர். பொருள் தரும் புரவலர், சான்று தரும் மூலம், தகுதி நோக்கி இசையும் வல்லுநர் ஆகிய மூவரையும் கடந்தே அன்றும் ஒரு பெருநூல் வெளிவந்திருக்கிறது. இன்று முனைவர் பட்ட ஆய்வில் புகும் மாணவன் கடக்க வேண்டியவையும் இம்மூன்று வாயில்களே. புரவலர் இருந்த இடத்தில் இப்போது குழுக்களும் மன்றங்களும் இருக்கின்றன என்பதே வேறுபாடு.

அவை வழங்கும் பொருளைத் தமிழில் ‘நல்கை’ என்கிறோம். மானியம் என்னும் சொல்லினும் இஃது அழகியது. ஆயினும் இச்சொல்லே சிலரை மயக்கிவிடுகிறது. நல்கை என்றவுடன் இரங்கிக் கொடுப்பது என்று எண்ணி, தம் வறுமையை விரித்தெழுதி விண்ணப்பிப்போர் உளர். ஆய்வு நல்கை வறுமைக்குத் தரப்படுவதன்று; விடை காண வேண்டிய ஒரு வினாவுக்குத் தரப்படுவது. இவ்வேறுபாட்டை விளக்கத் தமிழகத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது.

கணித மேதை இராமானுஜன் கல்லூரித் தேர்வில் தேறாமல் அலைந்த காலத்தில், நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் அவருக்குத் திங்கள்தோறும் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து உதவினார். அது வள்ளன்மை. பின்னர் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. அது பிழைப்பு. 1913 பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் இராமானுஜனின் குறிப்பேடுகளைக் கண்டு, அவர் கணிதத்திலேயே முழுநேரமும் ஈடுபட வழிசெய்ய வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டமில்லாத ஒருவருக்கு உதவித்தொகை வழங்கப் பல்கலைக்கழக விதிகளில் அப்போது இடமிருக்கவில்லை. எனினும் ஆட்சிக்குழு சட்டத்தின் பிரிவுகளைத் துருவி, அரசின் இசைவும் பெற்று, மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கிற்று. இதுவே நல்கை. இதற்கொரு நிபந்தனையும் இருந்தது: மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வின் முன்னேற்ற அறிக்கை தருதல் வேண்டும். இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் அத்தகைய அறிக்கைகள் மூன்றை அளித்தார். அவை இன்றும் கணித அறிஞர்களால் படிக்கப்பெறுகின்றன. 1914-இல் அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்துக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியபோது, அதில் 50 பவுன் அவர்தம் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆய்வாளனின் வயிறு மட்டுமன்று, அவனை நம்பிய வீடும் கணக்கில் வரவேண்டும் என்பதை அன்றைய பல்கலைக்கழகம் உணர்ந்திருந்தது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இந்தியாவில் ஆய்வுதவியின் தலைவாயில் ‘நெட்’ எனப்படும் தேசியத் தகுதித் தேர்வே. பல்கலைக்கழக மானியக் குழுவின் சார்பில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இத்தேர்வில் உயரிடம் பெறுவோர் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு உரியராவர். 2023 ஜனவரி முதல் இத்தொகை மாதம் 37,000 ரூபாயாகவும், ஈராண்டுக்குப்பின் முதுநிலையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப் படியும் நூல், பயணம் முதலியவற்றுக்கான தொகையும் தனியே உண்டு. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவியியல் சார்ந்த அறிவியல் துறைகளுக்கு அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தோடு இணைந்த தேர்வு தனியே நடைபெறுகிறது.

நம் தமிழ்த்துறை மாணவர் பலர் இத்தேர்வில் தடுக்கி விழுமிடம் தமிழ்த் தாள் அன்று. 300 மதிப்பெண்ணில் 100 மதிப்பெண் பொதுத் தாளுக்கு உரியது. அதன் 50 வினாக்களும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகின்றன. சங்கப் பாடலின் துறையைக் கேட்டால் கண்மூடிச் சொல்லும் மாணவன், விழுக்காட்டுக் கணக்கிலும் அட்டவணை விளக்கத்திலும் மதிப்பெண்ணை இழக்கிறான். வியப்பு என்னவெனில், அப்பொதுத் தாளின் பாடத்திட்டத்தில் இந்திய அளவையியலும் இருக்கிறது. காட்சி, கருதல், உவமம் என அளவைகளை அடுக்கும் மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையைப் பாடமாகக் கற்றவனுக்கு அது புதியதன்று. கற்றது தான் கேட்கப்படுகிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. முதுகலை முதலாண்டிலேயே வாரம் இரண்டு மணி நேரத்தை இத்தாளுக்கு ஒதுக்குதல் நன்று. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு வினாவையும் விடுதல் கூடாது.

நம் சமுதாயத்தார் அறிய வேண்டிய ஒரு மாற்றத்தை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். முஸ்லிம்கள் உள்ளிட்ட சிறுபான்மையினரின் எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வுக்கென 2009-இல் மத்திய அரசு மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையைத் தொடங்கியது. பல வீடுகளின் முதற் பட்டதாரிகள், குறிப்பாகப் பெண்கள், அதனால் ஆய்வு முடித்தனர். 2022-23 முதல் புதியவர்களுக்கு அது வழங்கப்படாது என 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சிறுபான்மையினர் பிற உதவித்தொகைத் திட்டங்களிலும் இடம்பெறுகின்றனர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அம்முடிவு சரியா என்பது பற்றி எனக்குக் கருத்து உண்டு. தனியே ஒதுக்கப்பட்ட இடமும் பொதுப்போட்டியில் பெறும் இடமும் ஒன்றாகா. ஆனால் இன்று விண்ணப்பிக்கப்போகும் மாணவிக்கு என் வருத்தத்தால் ஆவதொன்றுமில்லை. ‘பிற திட்டங்கள்’ என்று சொல்லப்பட்டவை எவை, அவற்றுள் நுழைவது எங்ஙனம் என்பதே அவளுக்கு வேண்டுவது.

அவற்றுள் முதன்மையானது 2014-15-இல் தொடங்கிய பிற பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை. இதற்கும் நெட் தேர்வின் தரவரிசையே அடிப்படை. இங்குத்தான் ஒரு சிறு தாள் பெருந்தடையாகி நிற்கிறது. தமிழ்நாட்டில் நாம் பெற்றிருக்கும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்னும் சாதிச் சான்றிதழ், 2007 முதல் நடைமுறையிலுள்ள 3.5 விழுக்காட்டு மாநில இடஒதுக்கீட்டுக்கு உரியது. மத்திய அரசின் திட்டங்களுக்கு அச்சான்றிதழ் செல்லாது. தம் பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்னும் குறிப்போடு ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே பெறுதல் வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். பெற்றோரின் சம்பளத்தையும் வேளாண் வருவாயையும் இக்கணக்கில் சேர்ப்பதில்லை என்பதை அறியாமல், தகுதி இருந்தும் பொதுப்பிரிவில் விண்ணப்பித்தோர் உண்டு. பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலைக்கு வேறு விதி உண்டு. நெட் உதவித்தொகைக்கான வயது வரம்பு 30; ஓ.பி.சி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. திருமணம், மகப்பேறு எனச் சில ஆண்டுகள் வீட்டிலிருந்த பெண்ணுக்கு அந்த ஐந்தாண்டு சிறிய சலுகையன்று. உடன்பிறந்தார் எவரும் இன்றிப் பெற்றோருக்கு ஒரே மகளாய்ப் பிறந்தவர்களுக்குச் சாவித்திரிபாய் புலே பெயரால் மானியக் குழு தனியே ஓர் ஆய்வுதவியை ஏற்படுத்தியிருக்கிறது. தமிழ்நாடு அரசும் முதலமைச்சர் ஆய்வு உதவித்தொகைக்கென 2023-இல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின்வழி தனித் தகுதித் தேர்வு நடத்தியது.

தலைவாயில் அடைபட்டால் துறைவாயில்களை நாடலாம். சமூக அறிவியலுக்கு 1969-இலும், வரலாற்றுக்கு 1972-இலும், மெய்யியலுக்கு 1977-இலும் தனித்தனி இந்திய ஆய்வு மன்றங்கள் அமைக்கப்பட்டன. உயர்கணிதத்துக்கு அணுசக்தித் துறையின்கீழ் ஒரு தேசிய வாரியம் உண்டு. அறிவியல் ஆசிரியர்கள் நாடிவந்த அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியம், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனத்துள் அடங்கிவிட்டது; பழைய பெயரைத் தேடிக் களைப்புறுதல் வேண்டா. ஆசிரியர் ஒருவர் ஆய்வுத் திட்டத்துக்கு நல்கை பெற்றால், அதில் ஆய்வு உதவியாளருக்கு ஊதியம் ஒதுக்கப்படுவது வழக்கம். ஆகையால் ஆசிரியர் எழுதும் விண்ணப்பம் ஒரு மாணவருக்கும் இடம் தேடித் தருகிறது. நம் கல்லூரி ஆசிரியர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

எந்த வாயிலுக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று அறிவதே இக்கலையின் நுட்பம். ஒரு காட்டு: இஸ்லாமியத் தமிழிலக்கியம் பற்றி ஆராய விரும்பும் மாணவர், தமிழுக்கென்று இருப்பது செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனந்தானே என்று அங்கு விண்ணப்பித்தால் பயன் விளைவது அரிது. அந்நிறுவனம் தொல்காப்பியம் முதலாகக் கி.பி. ஆறாம் நூற்றாண்டு வரையிலான 41 செவ்வியல் நூல்களையே தன் எல்லையாகக் கொண்டது. அதே மாணவர் ‘சீறாப்புராணம் – ஓர் ஆய்வு’ என்னும் தலைப்பை விடுத்து, ‘கீழக்கரை, காயல்பட்டினம், பரங்கிப்பேட்டைக் கடல்வணிகர் எத்தகைய நூல்களுக்குப் பொருள் ஈந்தனர், ஏன் ஈந்தனர்’ என்று வினவட்டும். பொருள் வரலாறாகி, வரலாற்று ஆய்வு மன்றத்தின் வாயில் திறக்கக்கூடும். அவ்வூர்களினின்று இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றோரின் குடும்ப அமைப்பை ஆராய்ந்தால் சமூக அறிவியல் மன்றத்துக்கு உரியதாகும். வீட்டுப் பரணிலும் பள்ளிவாசல் அலமாரியிலும் கரையானுக்கு இரையாகும் அரபுத்தமிழ் ஏடுகளைப் படமெடுத்துக் காப்பதே நோக்கமானால், பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணத் திட்டத்தை அணுகலாம். அது பட்டத்துக்கான உதவியன்று, ஆவணங்களைக் காக்கும் நல்கை. களம் ஒன்றே, வினா மாறும்போது புரவலரும் மாறுவர்.

விண்ணப்பத்தை மதிப்பிடும் வல்லுநர் ஒரே மூச்சில் பல விண்ணப்பங்களைப் படிப்பவர். ‘தமிழின் பெருமையை உலகறியச் செய்வதே இவ்வாய்வின் நோக்கம்’ என்று தொடங்கும் முதற்பக்கம் அவர் கண்ணில் நிற்காது. எந்த வினா, இதுவரை யார் என்ன சொன்னார், எந்த ஊரில் எந்த ஏட்டைப் பார்க்கப்போகிறேன், எத்தனை திங்கள் ஆகும், பயணத்துக்கும் படியெடுப்புக்கும் எவ்வளவு செலவாகும் என்பவற்றைத் தெளிவாகச் சொன்னாற் போதும். செலவுக் கணக்கைக் கூட்டியும் எழுத வேண்டா. கூச்சத்தால் குறைத்தும் எழுத வேண்டா. குறைத்து எழுதியவர் இரண்டாம் ஆண்டில் களப்பணியை நிறுத்திவிடுவதை நாம் காண்கிறோம். நெறியாளரின் பரிந்துரைக் கடிதத்தை இறுதி நாளன்று கேட்பது முறையன்று. விண்ணப்பத்தை ஏற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் இடைத்தரகரை நம்பாது, உரிய நிறுவனத்தின் அறிவிப்பையே நேரிற் படித்தல் வேண்டும்.

நல்கை கிடைத்தபின்னும் ஓர் இடர் உண்டு. அதைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. தேர்வு முடிவு வந்து, பல்கலைக்கழகத்தில் பதிவாகி, சேர்க்கை அறிக்கை சரிபார்க்கப்பட்டு, முதல் தொகை வங்கிக் கணக்கில் சேரப் பல திங்கள் ஆகலாம். அதன்பின்னரும் திங்கள்தோறும் வருகையைக் கல்லூரி உறுதிசெய்து அனுப்பினால்தான் தொகை வரும். எழுத்தர் விடுப்பில் சென்றால் ஆய்வாளன் பட்டினி. வீட்டிலிருந்து பணம் வரவழைக்கக்கூடியவர் இக்காலத்தைக் கடந்துவிடுவர். கடக்க இயலாதோர் கிடைத்த நல்கையைக் கைவிட்டு வளைகுடாவுக்கோ கடைவேலைக்கோ போய்விடுகின்றனர். வல்லவனை இழப்பது தேர்வுக்கூடத்தில் அன்று, இந்த இடைவெளியில்தான்.

இதற்கு நம்மிடம் மருந்து இருக்கிறது. பல ஊர்களின் பைத்துல்மால்கள் சிறுவணிகருக்கும் மருத்துவச் செலவுக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்துவருகின்றன. அழகிய கடன் என்று மார்க்கம் சொல்லும் அம்முறையில், தேர்வு ஆணையைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளருக்கு ஆறு திங்கள், மாதம் பதினையாயிரம் ரூபாய் கொடுத்தால் மொத்தம் 90,000 ரூபாய். நிலுவைத் தொகை ஒருசேர வந்ததும் அது திரும்பிவிடும். அடுத்த ஆண்டு அடுத்தவருக்குப் போகும். ஊருக்கு இருவர் என்று எண்ணினாலும் ஒரு ஜமாஅத்துக்கு இது தாங்க முடியாத தொகையன்று. ஆணையின் படியும், நெறியாளரின் கையொப்பமும், ஊர்ப் பெரியவர் ஒருவரின் பிணையும் இதற்குப் போதுமானவை. கல்லூரி தன் பங்குக்குத் துறை நூலகத்தில் ஒரு பதிவேட்டை வைத்து, எந்த நல்கைக்கு எந்தத் திங்களில் விண்ணப்பம் கோரப்படுகிறது, நம் மாணவர் யார் விண்ணப்பித்தார், யார் பெற்றார், முதல் தொகை எந்நாளில் வந்தது என்பவற்றை ஆண்டுதோறும் எழுதி வரலாம். அதன் முதற்பக்கத்தை நிரப்ப இவ்வாண்டு முதுகலை இரண்டாமாண்டு மாணவர்களே முன்வரட்டும். டிசம்பர்த் தேர்வுக்கான அறிவிப்பு வருமுன் ஓ.பி.சி. சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தவர்களின் பெயர்களே அப்பக்கத்தில் முதலில் ஏறட்டும்.