எழுதிய வரிக்குக் கீழே விடை

"எனக்குக் கணக்கு விளங்காது பிள்ளை. அவை சொல்லுற காசைக் கட்டிக்கொண்டு வாறன்."

களப்பணிக்குச் செல்லும் இடங்களில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும், கணவன் எங்கே என்று தெரியாமல் காத்திருப்பவர்களும் குடும்பத்தைத் தனியே சுமக்கிறார்கள். கோழி வளர்க்கிறார்கள், இடியப்பம் அவித்து விற்கிறார்கள், கடனும் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கடனின் கணக்கு மட்டும் மற்றவர் கையில் இருக்கிறது. அறிவும் ஓர் அதிகாரமே என்று பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது படித்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது ஒரு கடன் அட்டையின் முன்னால் இருந்தபோதுதான்.

அந்த அட்டையைக் கொண்டுவந்தவர் எமது மாதர் சங்கத்து அக்கா ஒருவர். கடன் 50,000 ரூபா. கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை கட்டவேண்டும். இன்னும் 28,750 ரூபா இருக்கிறது என்று அட்டை சொன்னது. "கூட இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா. அவரைக் கணனியின் முன்னால் இருத்தினேன்.

எமது கணனியில் 'ஈமக்ஸ்' என்ற மென்பொருள் உண்டு. கடிதம், அறிக்கை எழுதப் பயன்படும் தொகுப்பான் வகையைச் சேர்ந்தது. 1976இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவானது. இன்று நாம் பயன்படுத்தும் 'குனு ஈமக்ஸ்' 1985இல் ரிச்சார்ட் ஸ்டோல்மன் என்பவரால் வெளியிடப்பட்டது. இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஒருமுறை கணனியில் ஏற்றிவிட்டால் இணைய வசதியும் தேவையில்லை. தமிழிலும் எழுதலாம்.

இதன் சிறப்பு என்னவென்றால், எழுதும் பக்கத்திலேயே கணக்கைச் செய்விக்கலாம் என்பதாகும். 'ஸ்க்ராட்ச்' என்ற பக்கம் இதற்கென்றே ஆயத்தமாக இருக்கும். கணக்குப் பார்க்கக் கிழித்தெடுக்கும் கடதாசி போன்றது அது. அதில் அக்கா இவ்வாறு தட்டினார்:

(* 52 1250)

அடைப்புக்குறியை மூடி, 'கொன்ட்ரோல்' விசையுடன் 'ஜே' எழுத்தை அழுத்தினார். அடுத்த வரியில் 65000 என்று வந்தது. உடுக்குறி பெருக்கலைக் குறிக்கும். குறியை முன்னால் எழுதுவது 'லிஸ்ப்' என்ற கணனி மொழியின் வழக்கம்.

"உதைக் கல்குலேற்றரிலையும் பாக்கலாம்தானே பிள்ளை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கல்குலேற்றரில் முந்திய கணக்கு அழிந்துவிடும். இங்கே நாம் எழுதிய வரியும், பக்கத்தில் எழுதிய சொற்களும், கீழே விடையும் சேர்ந்து நிற்கும். ஓர் எண்ணை மாற்றி அந்த வரியை மட்டும் மறுபடி செய்விக்கலாம். எங்கே பிழைத்தது என்று திரும்பிப் பார்க்கலாம்.

அக்காவிடம் பணம் கட்டிய துண்டுகள் 31 இருந்தன. கட்டிய தொகையையும் மீதியையும் அவரே எழுதிப் பார்த்தார்:

(* 31 1250)
38750
(- 65000 38750)
26250

பின்னர் 31ஐ 29 ஆக்கி, வந்த 36250ஐ 65000இலிருந்து கழித்தார். அட்டையிலிருந்த அதே 28750 வந்தது. இரண்டு தவணைகள் பதியப்படவில்லை! அடுத்த கிழமை பணம் சேர்க்க வந்தவரிடம் துண்டுகளைக் காட்டி அக்காவே கேட்டார். 2,500 ரூபா அட்டையில் பதியப்பட்டது.

வட்டியையும் பார்த்தோம். 50,000க்கு 15,000 என்றால் 30 வீதம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் கிழமைக்குக் கிழமை திருப்பிக் கட்டுவதால், முழுத்தொகையும் வருடம் முழுவதும் எம்மிடம் இருப்பதில்லை. சராசரியாகப் பாதியளவே இருக்கிறது. ஆகவே உண்மையான வட்டி 50 வீதத்தையும் தாண்டும்.

"கணனிக்குக் கட்டளை எழுதுவது படித்தவர்களின் வேலை" என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இதைக் கேளுங்கள். 1978இல் பேர்னார்ட் கிரீன்பேர்க் என்பவர் 'மல்ரிக்ஸ்' என்ற கணனி முறைமைக்காக ஓர் ஈமக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். அவரது அலுவலகச் செயலாளர்களும் அதைப் பாவிக்கத் தொடங்கினார்கள். அக்காலத்தில் அமெரிக்காவில் இத்தொழிலில் இருந்தோரில் மிகப் பெரும்பாலானோர் பெண்களே. அவர்களுக்குக் கிடைத்த கைநூலில், ஈமக்ஸைத் தமது தேவைக்கேற்ப எப்படி விரிவாக்குவது என்று இருந்தது. அதற்குப் பெயர் 'செய்நிரலாக்கம்' என்று மட்டும் அதில் சொல்லப்படவில்லை. தம்மால் நிரல் எழுத முடியாது என்று நம்பியிருந்தவர்கள் பயமில்லாமல் வாசித்தார்கள், செய்து பார்த்தார்கள், நிரல் எழுதவும் கற்றுக்கொண்டார்கள். இதை ஸ்டோல்மன் 2002இல் ஆற்றிய உரையொன்றில் கூறியிருக்கிறார். அவர்களைத் தடுத்து வைத்திருந்தது அறிவுக் குறைவல்ல, அந்தப் பெயர் தந்த பயமே.

பிழை விட்டால் கணனி பழுதாகிவிடும் என்ற பயமும் எம்மிடம் உண்டு. (+ 450 பால்) என்று எழுதிப் பாருங்கள். பால் என்ற சொல்லுக்குப் பெறுமதி எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வரும். 'க்யூ' எழுத்தை அழுத்தினால் அது மறையும். எழுதியது அப்படியே இருக்கும். பாலுக்கு 275 என்று பெறுமதி கொடுத்துவிட்டு அதே வரியைச் செய்வித்தால் 725 வரும். பிழையைப் பார்த்துத் திருத்துவதுதான் இங்கே படிப்பு.

சில விடயங்களில் கவனம் வேண்டும். ஸ்க்ராட்ச் பக்கம் தானாகச் சேமிக்கப்படாது. வேண்டிய கணக்கை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். முழு எண்களை வகுத்தால் மீதி விடுபட்டுவிடும். 15000ஐ 52ஆல் வகுத்தால் 288 என்றே வரும். 52.0 என்று எழுதினால்தான் சதமும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் தரும் வரிகளை விளங்காமல் செய்விக்க வேண்டாம். கணனி சொன்னபடி செய்யும், அழிக்கச் சொன்னால் அழித்தும்விடும். வாசிக்காத பத்திரத்தில் நாம் கையொப்பம் வைக்கக்கூடாது அல்லவா? இதுவும் அப்படித்தான்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலோ, நூலகத்திலோ, பிள்ளைகளிடமோ ஒரு கணனி இருந்தால் ஒரேயொரு வரியுடன் தொடங்குங்கள். இந்தக் கிழமைச் செலவைக் கூட்டிப் பாருங்கள். கணனி கிடைக்காவிட்டால் கொப்பியில் எழுதுங்கள். ஆனால் கட்டிய துண்டுகளை எறியாதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள்.

அந்த அக்கா இப்போது சங்கத்தில் மற்றவர்களின் அட்டைகளையும் பார்க்கிறார். "எனக்குக் கணக்கு விளங்காது" என்று யாராவது சொன்னால், "வா, வந்து இதிலை இரு" என்று தன் பக்கத்துக் கதிரையைக் காட்டுகிறார்.