மேடை இசை தட்டில் ஏறும் விதம்

வைட்ஃபீல்டில் என் அறைச் சன்னலைச் சாத்திவிட்டு, 'அயர்ன் மெய்டன்' என்னும் ஆங்கில ராக் குழுவின் 'ஃப்ளைட் 666' தொகுப்பைக் கேட்கிறேன். இக்குழு 2007 மார்ச்சு 17-இல் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடியபோது நான் சிறுபிள்ளை. 2008 பிப்ரவரியில் மும்பையில் தொடங்கிய அவர்களது உலகப் பயணம், 2009-இல் படமாகவும் இசைத்தட்டாகவும் வெளிவந்தது. ஊருக்கொரு பாட்டு, முதற்பாட்டு மும்பையில் பதிந்தது.

மேடைக்கு நூறு மீட்டர் அப்பால் நிற்பவனுக்குக் கையசைவு உடனே தெரியும். ஒலியோ ஏறக்குறைய 0.3 நொடி பிந்தி வரும். பதிவாளர் என்ன செய்கிறார்? குரல், கிதார், டிரம்ஸ் ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் பிடிக்கிறார். கூட்டத்தின் ஆரவாரத்துக்கு வேறு மைக்குகள். பின்னர் அளவறிந்து கலக்கிறார். ஆகவே தட்டில் ஒலிப்பது மைதானத்தில் எவர் காதும் கேளாத இசை! பொய்யோ எனில், அன்று. நிகழ்ந்த ஒலிகளே, நிறுத்துக் கலந்தவை.

சென்ற பொங்கல் விழாவில் நம் மாணவர் பறையோடு பாடியதை நான் ஒரே கைப்பேசியில் பதிந்தேன். பேரொலி வந்ததும் கருவி தானே தன் செவியைச் சுருக்கிக்கொண்டது. பறை குரலை விழுங்கிற்று. பாடியவர் படிப்பு முடித்து ஊர் சென்றுவிட்டார். அக்குரலுக்கு இனி எங்கே போவோம்?

அடுத்த விழாவில் பாடுவோர் அருகே ஒரு கைப்பேசி, பறையருகே ஒன்று, கூட்டத்தில் ஒன்று வைப்போம். தொடக்கத்தில் ஒருவர் ஓங்கி ஒருமுறை கைதட்டட்டும். மூன்று பதிவுகளையும் பொருத்த அந்த ஓசையே அடையாளம்.