வறுத்த மீன் மருந்தாகாது

ஸ்டென்ட் வைத்து நலமாக வீடு திரும்பியவர்கள், சில மாதங்களிலேயே கொழுப்பு எகிறிப்போய் மறுபடியும் வந்து நிற்பது இப்போது அதிகமாகிவிட்டது. “மட்டனைத் தொடுவதே இல்லை டாக்டர், மீன்தான் சாப்பிடுகிறேன்” என்பார்கள். எப்படிச் சமைத்தது என்று கேட்டால், கூட வந்த மனைவிதான் பதில் சொல்வார்: “ராத்திரியானால் வஞ்சிரம் வறுவல் இல்லாமல் இவருக்குச் சாப்பாடு இறங்காது.” மீன் இதயத்துக்கு நல்லது என்ற செய்தி எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படிச் சமைத்தால் நல்லது என்பது மட்டும் சேரவில்லை.

வாணலி செய்யும் கெடுதல்

எண்ணெயில் மூழ்கிப் பொரியும் மீன் எண்ணெயைக் குடிக்கிறது. மேலே பூசிய மாவு இன்னும் கூடுதலாகக் குடிக்கிறது. மிச்ச எண்ணெயை வடிகட்டி வைத்து மறுநாளும் காய்ச்சினால் தீங்கு பெருகும். அமெரிக்காவில் 84,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. சுட்ட மீனை அடிக்கடி உண்டவர்களிடம் இதயச் செயலிழப்பு குறைவாகவும், வாரம் ஒருமுறையாவது வறுத்த மீன் உண்டவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. இரண்டும் மீன்தான், சமைத்த விதம்தான் வேறு.

விடாமல் துரத்தும் நம்பிக்கைகள்

“மீனோடு தயிர் சேர்ந்தால் வெண்புள்ளி வரும்.” வராது. உடலின் எதிர்ப்புச் சக்தி தோலின் நிறமி செல்களையே தாக்குவதால் வருவது அது. தயிரைக் குற்றம் சொல்லிக்கொண்டு பத்தியம் இருந்துவிட்டு, புள்ளிகள் பரவிய பிறகு தோல் மருத்துவரிடம் போகிறார்கள். மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மீன் ஆகாது, அது வேறு.

“விலை உயர்ந்த மீனில்தான் சத்து.” மலிவாகக் கிடைக்கும் மத்தியிலும் அயிலையிலும் ஒமேகா 3 தாராளமாக இருக்கிறது. விலையைவிட வகைதான் முக்கியம்: கர்ப்பிணிகள் பாதரசம் அதிகமுள்ள சுறா, மயில்மீன் இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

“கருவாடும் மீன்தானே?” மீன்தான், ஆனால் உப்பில் ஊறியது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

“லேசான வாடைதானே, மசாலாவில் போய்விடும்.” ஐஸ் இல்லாமல் கிடந்த அயிலையிலும் சூரையிலும் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. அதனால் முகம் சிவந்து, உடல் தடித்து, தலைவலியோடு வருபவர்களைப் பல மருத்துவர்களும் பார்த்திருப்பார்கள்.

“மீன் எண்ணெய் மாத்திரை போடுகிறேன், அது போதும்.” இதைக் கேட்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கடையில் தானாக வாங்கிப் போடும் இந்த மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும் என்று உறுதியாகவில்லை. அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும். இதை நம்பி, கொழுப்புக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்துபவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

வறுக்காமல் ஓர் இரவு உணவு

நால்வருக்கு அரைக் கிலோ சங்கரா, கொடுவா, மத்தி ஏதேனும் போதும். மஞ்சள்தூள், மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது, ஒரு கரண்டி தயிர், அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்துப் பிசறி வையுங்கள். ஓவனை 200 டிகிரியில் சூடேற்றுங்கள். அதற்குள் கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், குடைமிளகாய், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் சிறிதாக நறுக்கி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் புரட்டித் தட்டில் பரப்புங்கள். காய் வேக நேரமெடுக்கும். அதனால் அதை முதலில் 15 நிமிடம் வையுங்கள். பிறகு மேலே மீனை அடுக்கி இன்னும் 12 முதல் 15 நிமிடம். முள்கரண்டியால் குத்தினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள்.

ஓவன் இல்லையா? மீனை வாழை இலையில் மடித்து, தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிவைத்து இருபுறமும் வேகவிடுங்கள். காயைத் தனியே ஆவியில் வேகவைக்கலாம். தட்டில் பாதி காயாக இருக்கட்டும். சோறு கால் பங்கு போதும்.

பரிசோதனை

கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் சொன்ன இடைவெளியில் பாருங்கள்.

தயவுசெய்து கேளுங்கள்

நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்குதல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் வாயு என்று ஓம வாட்டரும் சோடாவும் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அது மாரடைப்பானால், கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

சமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் இருமுறை மீன் போதும். அந்த இருமுறையும் வாணலியை எடுக்காதீர்கள். முதல் வாரம் வீட்டில் முணுமுணுப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். உட்கார்ந்து சாப்பிடுபவர்களே, சுட்ட மீனை முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.