இரும்பில் ஓடும் பொன்னிழை



இராமன் அனுமனிடம் கொடுத்தனுப்பிய கணையாழியை நாமெல்லோரும் அறிவோம். சீதைக்கு அது வெறும் பொன்னன்று, அடையாளம். பெயரையும் நினைவையும் சுமப்பது மோதிரம். அந்தப் பெயர் அழியாதிருக்க என்ன செய்யவேண்டும்?

இரும்பு மோதிரத்திலே பொன் பதிக்கும் தொழிலைப் பாருங்கள். கலவானையில் மோதிரத்துக்குக் கல் கட்டுவதை நாம் நாளும் காண்கிறோம். இது வேறு. பொன் இங்கே ஒட்டப்படுவதில்லை, உருக்கி ஊற்றப்படுவதுமில்லை.

முதலில் மோதிரத்தை மரப்பிடியிலோ அரக்கிலோ அசையாமல் இருத்துவர். எழுத்தையோ பூங்கொடியையோ சிற்றுளியாற் குழியாக வெட்டுவர். வாய் குறுகி அடி அகன்றிருக்குமாறு குழியின் சுவர்களை உட்சரிவாகச் செதுக்குவதே நுட்பம். தீயிற் காய்ச்சி இளக்கிய பசும்பொற் கம்பியை அதில் இட்டுத் தட்டும்போது, பொன் அடியில் விரிந்து சிக்கிக்கொள்கிறது. பிறகு அரமும் மெருகும். செம்பு கலந்த பொன் கடினமானது, எளிதில் விரியாது. ஆதலால் மாற்றுக் குறையாத பொன்னே வேண்டும்.

இன்னொரு முறையும் உண்டு. வட இந்தியாவில், உதயப்பூர் போன்ற இடங்களில், வாட்பிடிகளை அழகுபடுத்தும் 'கோப்தகாரி' வேலை அது. இரும்பின் மேற்பரப்பில் நெருக்கமாகக் குறுக்குக் கீறல்கள் இட்டு, அந்தச் சொரசொரப்பின்மேல் மெல்லிய பொன்னிழையை அடித்து அழுத்துவர். பொன்னும் உழைப்பும் குறைவு. வாட்பிடிக்கு அது போதும், விரலுக்குப் போதாது.

மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் மோதிரத்தை எனக்குக் காட்டினாள். இந்தியாவுக்குப் போய்வந்தபோது அவர் வாங்கியதாம். இறப்பர் மலையிலே பால்வெட்டுக் கத்தி பிடித்த கை. பொன் முழுதும் தேய்ந்து, வலைபோன்ற கீறல்களே எஞ்சியிருந்தன. அதில் என்ன எழுத்து இருந்ததென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நம் நாட்டிலும் இக்கலை இருந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, கனிமம் தேடி ஊரூராகச் சென்றபோது கைவினைஞரையும் கண்டார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலில், கண்டிய வினைஞர் இரும்பிலே பொன்னும் வெள்ளியும் பதித்த வேலையையும் விளக்கினார். அருகிவந்த ஒரு தொழில் அவ்வாறு ஏட்டிலாவது நிலைத்தது.

தமிழில் 'இழை' என்றால் நூல். 'இழை' என்றால் அணிகலன். 'இழைத்தல்' என்றால் பதித்தல். சேயிழை, ஆயிழை என்று பெண்ணை அழைத்த புலவர்களின் மொழியிலே கம்பியும் நகையும் தொழிலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

ஆகவே நேயர்களே, மோதிரத்தில் பெயர் பதிக்கக் கொடுப்பதாயின் விரலளவை முதலிலேயே சரியாகக் கொடுங்கள். பின்னர் வளையத்தைப் பெருப்பித்தால் குழியின் வாய் திறந்து பொன் கழன்றுவிடும். பொன் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், குழி எவ்வளவு ஆழம் என்றும் கேளுங்கள். பெயரைக் காப்பது அந்தக் குழிதான்.